குறை சொல்லி விற்பவர்

புதுப் பொருளை வாங்குகிறவன் கடையை நம்பி வாங்குகிறான். பழைய பொருளை வாங்குகிறவன் மனிதனை நம்பி வாங்க வேண்டியிருக்கிறது. புது வண்டி என்றால் அதற்கு ஒரு கம்பெனி உண்டு. உத்தரவாதச் சீட்டு உண்டு. இத்தனை காலத்துக்குள் பழுது வந்தால் நாங்கள் பொறுப்பு என்று அச்சடித்த எழுத்து உண்டு. பழைய வண்டிக்கு இவை ஒன்றும் இல்லை. அதை இதுவரை ஓட்டியவர் இருக்கிறார். அவருடைய வாய்ச்சொல் இருக்கிறது. அந்தச் சொல் எவ்வளவு பெறும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் வண்டிக்கு விலை வைக்க வேண்டும். ஆகவே, பழைய வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி மேலுக்குப் பணக் கணக்காகத் தோன்றினாலும், உள்ளே இறங்கிப் பார்த்தால் தர்மக் கேள்வியாக இருக்கிறது. விற்கிறவர் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவர்? வாங்குகிறவர் எவ்வளவு சொல்லாமல் இருக்கலாம்?

முதல் கேள்வியை உலகம் நெடுங்காலமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறது. இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. அதை நான் கேட்க நேர்ந்தது என் அக்காள் மகனால்.

அவன் இருப்பது கான்சாபுரத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பு வட்டாரத்தில் உள்ள ஊர் அது. நெல்லும் தென்னையும் மாவும் உள்ள பசுமையான பூமி. கான்சாகிப் என்று மக்கள் அழைத்த யூசுப்கானின் பெயரால் வழங்கும் ஊர் என்பார்கள். நம்பிக்கையைப் பற்றிப் பேசப் புகுந்த இடத்தில் அந்தப் பெயர் வந்து நிற்பது எனக்குச் சற்று விசித்திரமாகவே இருக்கிறது. கூட இருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764ஆம் ஆண்டு மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர்.

என் மருமகனுக்குத் தேங்காய் வியாபாரம். பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. நாலைந்து தோப்புக்காரர்களிடம் வெட்டுக்கு வெட்டு காய் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் கொண்டு போய்ப் போடுகிறான். கோடையில் மாங்காய். ஒவ்வொரு நடைக்கும் வாடகை வண்டி. கிடைக்கிற லாபத்தில் பாதி வண்டிக்காரருக்குப் போகிறது. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் இரண்டு வருஷமாக அவன் மனத்தில் சுழன்று கொண்டிருந்தது. புது வண்டிக்கு அவனால் முடியாது. பழையது ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்தது. பதினொரு வயதான வண்டி. அந்த வயதுக்கும் அந்த நிலைக்கும் மூன்று லட்சம் பெறும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உடையவர் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் போதும் என்றார். ஏன் நாற்பதாயிரம் குறைத்தார் என்பதையும் அவரே சொன்னார்.

"தம்பி, பின்னால் வந்து குறை சொல்லக் கூடாது பாருங்கள். கியர் பாக்ஸில் சத்தம் வருகிறது. பெரிய வேலை வரும் என்று சொல்கிறார்கள். அதற்காகத்தான் விலையைக் குறைத்துச் சொல்கிறேன்" என்றாராம்.

என் மருமகன் கெட்டிக்காரன். இராஜபாளையத்திலிருந்து தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய் வண்டியைக் காட்டினான். அவர் ஓட்டிப் பார்த்தார். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறது. காலை எடுத்தால் நின்று விடுகிறது. கியர் பாக்ஸில் கோளாறு என்றால் அப்படி வராது. கிளட்ச் பேரிங் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலியையும் சேர்த்து ஏழெட்டாயிரத்தில் வேலை முடிந்து விடும். இதை அவர் உடையவருக்குக் கேட்காதபடி என் மருமகனின் காதோடு சொல்லி விட்டுப் போய் விட்டார்.

இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்?

"அண்ணாச்சி கேட்ட விலையைத்தானே மாமா கொடுக்கப் போகிறேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே!" என்றான் அவன்.

அவன் கேட்டது வேடிக்கைக் கேள்வி அன்று. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் தயார் செய்திருந்தவனின் கேள்வி. நாற்பதாயிரம் ரூபாய் அவனுக்கு ஒரு பருவத்தின் வருமானம். எனவே எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக் கொண்டேன். அந்த இரண்டு நாளும் நான் யோசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நம் முன்னோர்கள் லாரி வாங்கியதில்லை, மாடு வாங்கியிருக்கிறார்கள். மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பழைய வண்டி வியாபாரம் புதிதாகத் தோன்றாது. தரகர் துண்டை விரித்துப் போட்டு, அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்து விட்டதா என்று எண்ணுவார். நடக்க விட்டுப் பார்ப்பார். சுழி பார்ப்பார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலைக்கு வாங்கும் மாட்டைப் பார்க்காமல் வாங்கினால் ஊர் சிரிக்கும்.

வண்டிக்கும் பல் உண்டு. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே சூடாக்கி நிறுத்தி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். சேஸிஸில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா, பட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருக்கிறதா? கிலோமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்; கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் அந்த எண் உண்மையா என்பது தெரியும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பாக்கி ஏறியிருக்கிறதா, எஃப்.சி. எதுவரை இருக்கிறது, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த வண்டி இதுவரை வாழ்ந்த வாழ்க்கை. எத்தனை தடவை அளவுக்கு மேல் பாரம் ஏற்றினார்கள், எந்த மழையில் எந்த ஓடையில் முங்கியது, எந்த இரவில் எதில் மோதியது என்பதெல்லாம் விற்கிறவரின் நெஞ்சுக்கு மட்டுமே தெரியும். அங்கே தொடங்குகிறது தர்மம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினேழாவது பிரிவில் மோசடி என்றால் என்ன என்று சொல்லி, விளங்குவதற்காகச் சில உதாரணங்கள் கொடுக்கிறது. அவற்றில் ஒரு குதிரை வருகிறது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நயமான ஒரு சிறுகதை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோய் அவனுக்குத் தெரியும், சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால், வாங்குகிறவள் அப்போதுதான் வயது நிரம்பிய அவனுடைய சொந்த மகளாக இருந்தால் சொல்ல வேண்டியது அவன் கடமை. மூன்றாவதாக, "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக் கொள்வேன்" என்று வாங்குகிறவர் சொல்லி, விற்கிறவன் வாய் திறக்காமல் நின்றால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் சில விலக்குகளைச் சொல்லி விட்டு, பொதுவாக வாங்குகிறவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்றே விடுகிறது.

மகளுக்குச் சொல்ல வேண்டும். மற்றவருக்குச் சொல்ல வேண்டாம். இந்தக் கோட்டைச் சட்டம் எங்காவது ஓரிடத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் மனச்சாட்சி அந்தக் கோட்டிலேயே நின்று விடுகிறதா? மகளுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பி மகளுக்குச் சொல்ல வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரருக்கு? தினமும் வத்திராயிருப்பு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவருக்கு? உறவு எங்கே முடிந்து அந்நியம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கிராமத்தில் யாரால் சொல்ல முடியும்?

நம் இலக்கியம் இந்தக் கோட்டைத் தள்ளியே போட்டிருக்கிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும்போது, பழிக்கு அஞ்சி உண்மை பேசுவார்கள், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக நினைப்பார்கள், வாங்கும்போது கூட்டியும் விற்கும்போது குறைத்தும் அளக்க மாட்டார்கள் என்கிறார். வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தின் முடிவில் வணிகருக்கென்றே ஒரு குறள் வைத்து, பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகம் என்று முடிக்கிறார். இவற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடுப்பதும் கொள்வதும் இரண்டும் அங்கே பேசப்படுகின்றன. விற்கிறவனுக்கு ஒரு நீதி, வாங்குகிறவனுக்கு ஒரு நீதி என்று அவர்கள் பிரிக்கவில்லை.

மேல்நாட்டிலும் இந்த வழக்குப் பழையது. கி.மு. 44இல் ரோமாபுரியின் சிசரோ, ஏதென்ஸில் படித்துக் கொண்டிருந்த தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கேள்வி: ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்து கொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஞானி, சட்டம் கேட்கிற அளவுக்குக் குறையைச் சொன்னால் போதும் என்றார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், வாங்குகிறவருக்குத் தெரியாத எதையும் விற்கிறவர் ஒளிக்கக் கூடாது என்றார். குருவும் சீடனும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். சிசரோ சீடனின் பக்கம் சேர்ந்தார். பேசாமல் இருப்பது எல்லாமே ஒளிப்பது ஆகாது. ஆனால் உன் லாபத்துக்காக, மற்றவனுக்குத் தெரிந்தால் நல்லது என்று அறிந்தே பேசாமல் இருப்பது ஒளிப்பதுதான் என்பது அவர் முடிவு.

இந்த நூற்றாண்டுகளை எல்லாம் தாண்டி 1970க்கு வருவோம். அமெரிக்காவில் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய மோட்டார் கார்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதற்குமுன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது இதுதான்: சந்தையில் நல்ல காரும் இருக்கிறது, கெட்ட காரும் இருக்கிறது. எது எது என்று விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவன் என்ன விலை கொடுப்பான்? நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவான விலையைத்தான் கொடுப்பான். அந்த விலைக்குத் தன் நல்ல காரைக் கொடுக்க எவனும் சம்மதிக்க மாட்டான். நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகும். மிஞ்சுவன கெட்டவை. அது தெரிந்ததும் விலை இன்னும் இறங்கும், சுமாரானவையும் விலகும். கடைசியில் சந்தையே இல்லாமல் போகலாம்.

இதை நீதிப் பாடமாக அவர் எழுதவில்லை, கணக்காக எழுதினார். ஆனாலும் படிக்கிறவனுக்கு அதில் ஒரு நீதி தெரிகிறது. ஒருவன் குறையை மறைத்தால் அவனிடம் வாங்கினவன் மட்டும் நஷ்டப்படுவதில்லை. நல்ல பொருளை வைத்துக் கொண்டு உண்மையைச் சொல்கிறவனும் நஷ்டப்படுகிறான். ஏனெனில் அவன் சொல்லையும் யாரும் நம்புவதில்லை.

இதுவரை விற்கிறவரின் கடமையைப் பற்றியே பேசினோம். எங்கள் கதையில் விற்கிறவர் தம் கடமையைச் செய்து விட்டார். தமக்குத் தெரிந்த குறையைச் சொன்னார். அதற்கு உரிய விலையையும் குறைத்தார். ஆன்டிபேட்டர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். இப்போது உண்மை வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. மௌனமும் வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது.

என் மருமகனுக்குத் துணையாகப் பெரிய நீதிமன்றமே நிற்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. 1815இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு வியாபாரி, பிரிட்டனோடு நடந்த போர் முடிந்து சமாதானம் ஆகி விட்டது என்ற செய்தியை ஊருக்கு முந்தித் தெரிந்து கொண்டு, புகையிலையை மொத்தமாக விலை பேசினார். செய்தி பரவியதும் புகையிலை விலை ஏறிற்று. வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வெளியிலிருந்து வந்த அப்படிப்பட்ட செய்தியை வாங்குகிறவர் தாமாகச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்று தலைமை நீதிபதி மார்ஷல் 1817இல் சொன்னார். நம் ஒப்பந்தச் சட்டத்தின் குதிரைக் கதைகளை அடுத்தும் ஓர் உதாரணம் உண்டு: வியாபாரிகள் இருவர் பேரம் பேசும்போது, விலை மாற்றத்தைப் பற்றி ஒருவனுக்கு மட்டும் தெரிந்த செய்தியை அவன் மற்றவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிசரோவோ இதற்கு நேர்மாறான ஒரு மனிதரைக் காட்டுகிறார். ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்தை வாங்கப் போனார். முடிவான விலையை ஒரே பேச்சாகச் சொல்லும்படி கேட்டார். உடையவர் சொன்னார். "என் மதிப்பில் இது இன்னும் அதிகம் பெறும்" என்று சொல்லி, ஒரு லட்சம் செஸ்டெர்ஸ் நாணயங்களைச் சேர்த்துக் கொடுத்தார் ஸ்கேவோலா. கேட்டவர்கள், "நல்லவன் செய்கிற காரியம்தான், ஆனால் புத்திசாலி செய்கிற காரியம் அன்று" என்றார்களாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் உலகம் இப்படித்தான் பேசியிருக்கிறது!

என் மருமகன் ஸ்கேவோலா அல்ல. நானும் அவனை ஸ்கேவோலா ஆகச் சொல்லப் போவதில்லை. அவன் எடுத்து வைத்த வாதங்களில் வலு இருந்தது.

"மாமா, இதே வண்டியில் அண்ணாச்சிக்கும் எனக்கும் தெரியாத பழுது ஒன்று இருந்து, ஆறு மாதம் கழித்து எஞ்சின் உட்கார்ந்து விட்டால் அவர் பணத்தைத் திருப்பித் தருவாரா? மாட்டார். நஷ்டம் வந்தால் என்னுடையது என்றால், லாபம் வந்தாலும் என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேடிக் கொஞ்ச நேரம் நடந்தேன். எனக்குத் தோன்றிய பதில் இது: இருவருக்கும் தெரியாதது விதி. அதில் நஷ்டம் வந்தாலும் லாபம் வந்தாலும் வாங்கினவனைச் சேர்ந்தது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு மட்டும் தெரிந்து விட்ட பிறகு அது விதி ஆகாது. ரகசியம் ஆகி விடுகிறது. விதியோடு ஆடுகிற சூதாட்டத்தின் நியாயத்தை ரகசியத்துக்குப் பொருத்தக் கூடாது. அண்ணாச்சி ஓர் ஆறு மாதம் கழித்து வரப் போகிற பழுதை அறிந்து மறைத்திருந்தால் என் மருமகன் அதை விதி என்று ஒப்புக் கொள்வானா? மாட்டான், ஏமாற்று என்பான்.

அவனுடைய இரண்டாவது வாதம், "மெக்கானிக்குக் கூலி கொடுத்தது நான். அந்த அறிவு என் காசில் வந்தது" என்பது. இதிலும் நியாயம் உண்டு. பாடுபட்டுத் தெரிந்து கொண்டதை எல்லாம் இலவசமாக ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்றால் யாரும் பாடுபட மாட்டார்கள். உடையவர் காரணம் எதுவும் சொல்லாமல், "இரண்டு அறுபது" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர் மதிப்பு அவருக்கு, இவன் மதிப்பு இவனுக்கு; பேரம் என்பதே அதுதான். ஆனால் அவர் காரணம் சொல்லிக் குறைத்தார். கியர் பாக்ஸுக்காக நாற்பதாயிரம் என்றார். அந்தக் காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் குறைப்பை மட்டும் கையை நீட்டி வாங்கிக் கொள்வது எப்படி? மளிகைக் கடைக்காரர் கணக்குத் தவறி நூறு ரூபாய் கூடுதலாக மீதி கொடுத்தால், "அவராகத்தானே கொடுத்தார்" என்று பையில் போட்டுக் கொள்கிறோமா? அவர் கொடுக்க நினைத்தது வேறு, கொடுத்தது வேறு என்று நமக்குத் தெரிகிறது. அங்கே நூறு, இங்கே நாற்பதாயிரம். தொகை பெரிதானதால் தர்மம் சிறிதாகி விடுமா?

இன்னும் ஒன்று. புகையிலை வியாபாரி அறிந்திருந்தது ஊரைப் பற்றிய செய்தி. நாளை எல்லோருக்கும் தெரியப் போகிற செய்தி. என் மருமகன் அறிந்திருந்தது அந்த மனிதரின் சொந்தப் பொருளைப் பற்றியது. தன் வண்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்து கொள்ள எல்லாரையும் விட அதிக உரிமை அதை உடையவருக்குத்தான் உண்டு. வைத்தியன் ஒருவன் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, உனக்கு ஒன்றும் இல்லை என்பதை மறைத்து, அவன் பயத்தில் எழுதி வைக்கிற சொத்தை வாங்கிக் கொண்டால் நாம் என்ன சொல்வோம்?

மூன்றாவது வாதத்தை அவன் வாயால் சொல்லவில்லை. அவன் முகம் சொல்லிற்று. அது வறுமை. அடகுக் கடையில் இருக்கும் சங்கிலி. இதற்குப் பதில் சொல்லும்போது வசதியாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குக் கூச்சம் இருக்க வேண்டும். தேவை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். ஓடுகிற வண்டியைக் காரணமில்லாமல் விற்பவர் யார்? அவருக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும். இரண்டு ஏழைகளில் யாருக்கு அதிகக் கஷ்டம் என்று அளந்து பார்க்க நம்மிடம் தராசு இல்லை. அந்த நாற்பதாயிரம் யாருடையது என்று பார்க்கத்தான் நம்மால் முடியும்.

ஆனால் நேர்மை என்பது தானம் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரிங் மாற்ற ஏழெட்டாயிரம் ஆகும், அதைக் கழிக்கலாம். பழுதைக் கண்டுபிடித்த செலவு இவனுடையது, அதையும் கழிக்கலாம். மெக்கானிக் சொன்னதும் தவறாக இருக்கலாம்; அந்த அபாயத்துக்கும் ஒரு தொகையைக் கழித்துக் கொள்ளலாம். உண்மையைச் சொல்லி விட்டுக் கறாராகப் பேரம் பேசுவதில் ஓர் இழுக்கும் இல்லை. இழுக்கெல்லாம் துண்டின் மறைவில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்று கேட்கலாம். பணத்தோடு போகிற விஷயத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று. பணத்தோடு போகாத விஷயமும் வண்டியில் இருக்கிறது. அது பிரேக். பிரேக்கில் உள்ள குறையை மறைப்பது, விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் உள்ள வழக்கு அன்று. கூமாப்பட்டிச் சாலையில் சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பையனுக்கு அந்தப் பேரத்தில் பங்கு இல்லை. ஆனால் அதன் பலன் அவன் மேல் வந்து விழலாம். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்று அரசாங்கம் விதித்திருப்பது அந்த மூன்றாவது மனிதனுக்காக. அங்கே மட்டும் நான் எந்த வாதத்துக்கும் இடம் கொடுக்க மாட்டேன். பணத்தைப் பற்றிய குறையை மறைத்தவன் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். உயிரைப் பற்றிய குறையை மறைத்தவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்?

விற்று விட்டோம், சாவியைக் கொடுத்து விட்டோம், இனி நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்குச் சட்டமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. நவீன்குமார் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு கார் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பல கை மாறி விட்டது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. கார் விபத்தில் சிக்கியது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர். நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். பொருள் கையை விட்டுப் போனாலும் பொறுப்பு அவ்வளவு எளிதில் போவதில்லை. பெயர் மாற்றும் பாரங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டுப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்தால் சட்டத்தின் பொறுப்புத் தீரும். மனத்தின் பொறுப்பைத் தீர்க்க அப்படி ஒரு பாரம் அச்சாகவில்லை.

மூன்றாம் நாள் நான் என் மருமகனிடம் சொன்னேன்: "வண்டியை வாங்கு, மாப்பிள்ளை. பிரேக்கை மட்டும் இன்னொரு தடவை பார்க்கச் சொல். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அண்ணாச்சியிடம் சொல்லி விட்டு வாங்கு."

அவன் உடனே சரி என்று சொல்லி விடவில்லை. ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தான். பிறகு போய்ச் சொன்னான். உடையவர் முதலில் நம்பவில்லை. தானே கிளட்ச்சை மிதித்து மிதித்துக் கேட்டுப் பார்த்தார். அப்புறம் விலையை இருபத்தையாயிரம் ஏற்றினார். என் மருமகன் விடவில்லை. இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தில் முடிந்தது. துண்டு விழுந்த இருபதாயிரத்துக்கு என் அக்காள் தன் சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தாள். என் மேல் அந்த வீட்டில் ஒரு சிறு வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். அதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். யோசனை சொன்னவன் நான், சீட்டுப் பணம் அவர்களுடையது.

அந்த வண்டி இதனால் நன்றாக ஓடும் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக வாங்கிய வண்டியும் நடுவழியில் நிற்கும். ஏமாற்றி வாங்கிய வண்டியும் பத்து வருஷம் ஓடும். இயந்திரத்துக்கு மனச்சாட்சி கிடையாது. தர்மம் செய்தவனுக்கு உடனே கூலி கிடைப்பதாக எழுதுவது கதை எழுதுகிறவர்களுக்குள்ள சௌகரியம். வாழ்க்கையில் அந்தச் சௌகரியம் எப்போதும் கிடைப்பதில்லை.

ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிகிறது. கெட்ட வண்டிகள் நல்ல வண்டிகளைச் சந்தையிலிருந்து விரட்டுவதற்கு விற்கிறவர்களின் பொய் மட்டும் காரணம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். வாங்குகிறவர்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. குறையை மறைத்தவன் முழு விலை வாங்கிக் கொண்டு போகிறான். குறையைச் சொன்னவனை, அவன் சொன்னதை வைத்தே நாம் மடக்குகிறோம். அப்படி ஒரு தடவை மடங்கினவர் அடுத்த தடவை வாயைத் திறப்பாரா? "ஊரோடு ஒத்துப் போக வேண்டியதுதான்" என்று அவரும் சூடான எஞ்சினை வைத்துக் கொண்டு வாங்குகிறவனுக்காகக் காத்திருப்பார். அடுத்த வண்டியை அவரிடம் வாங்கப் போவது நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

உண்மை பேசுகிறவர்கள் நாட்டில் குறைந்து விட்டார்கள் என்று எல்லோரும் அங்கலாய்க்கிறோம். உண்மை பேசியவரை நாம் எப்படி நடத்தி அனுப்பினோம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குறையைச் சொல்லி விற்றவர், சொன்னதற்காக ஒரு ரூபாயும் நஷ்டப்படாமல் தம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைப் பார்த்துக் கொள்ள வேண்டியவர் வாங்குகிறவர்தான்.